கல்வி: பதினொரு வருடம்

கோணேஸ்வரிக்குத் தையல் தெரியாது. திருகோணமலையில் அம்மா ஒரு பொத்தான் தைக்கக் கொடுத்தால், அவள் தைத்து முடித்த பிறகு அந்தச் சட்டையைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. அப்படிப்பட்டவளைக் கனடா அரசாங்கம் 1992ஆம் ஆண்டு தையற்காரி என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டு நிரந்தர வதிவிடம் கொடுத்தது. லாண்டட் பேப்பர் என்று எங்கள் சனம் சொல்கிற அந்த நீளமான தாளில், அவளுடைய பெயருக்குக் கீழே இரண்டு விவரங்கள் இருந்தன. கல்வி: பதினொரு வருடம். தொழில்: தையல்.

அரசாங்கத்தின் மேல் பிழை சொல்ல ஏலாது. அவள் கையொப்பமிட்டுக் கொடுத்ததைத்தான் அவர்கள் அச்சடித்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஸ்காபரோவில் குளிர் அங்கி தைக்கும் ஒரு தொழிற்சாலையில் ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அன்றைக்கே விலாசம் எழுதிக் கொடுத்தாள். முதல் நாள் மத்தியானத்துக்குள் கோணேஸ்வரி மூன்று ஊசிகளை முறித்தாள். பக்கத்து மெஷினில் இருந்த பேர்ணடெற் மன்னார்க்காரி, வாய் சும்மா இருக்காதவள். நாலாவது ஊசியை மாட்டிக் கொடுத்துவிட்டு, "பிள்ளை, நீர் எந்த ஊரில தைச்சனீர்? அந்த ஊர்ச் சனம் உடுப்பே போடுறேல்லையோ?" என்று கேட்டாள். கோணேஸ்வரி குனிந்தபடி அழுதாள். பிறகு தையல் பழகினாள். பொய்யாக எழுதியது ஐந்து மாதத்தில் உண்மையாகிவிட்டது. கழுத்துப்பட்டி பொருத்துவதில் அவளை மிஞ்ச அந்தத் தளத்தில் ஆள் இல்லை என்று மேற்பார்வையாளரே சொல்லும் அளவுக்கு வந்தாள்.

உண்மையான கதை வேறு. 1987ஆம் ஆண்டு கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், வெள்ளைச் சேலையும் கறுப்புக் கோட்டும் அணிந்து, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தவள் அவள். அவர்கள் தெருவில் முதல் பெண் சட்டத்தரணி. வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கி, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் இரண்டு வருடம் வேலை செய்தாள். காணாமல்போன பையன்களின் தாய்மாருக்கு மனு எழுதுவதுதான் பெரும்பாலும் வேலை. அந்த மனுக்கள் யாருக்குப் பிடிக்கவில்லையோ, 1989 நவம்பரில் விடுதிக்கே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பில் கடற்கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையம். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளைப் பற்றி அவள் யாரிடமும் தானாகப் பேசியதில்லை, நானும் இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. வெளியே வந்து மூன்று மாதத்தில் வேறொருத்தியின் கடவுச்சீட்டில் ரொறன்ரோ வந்து இறங்கினாள்.

இறங்கியவளைக் கஸ்பர் அண்ணையிடம் கூட்டிப் போனார்கள். கஸ்பர் திருகோணமலைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே சின்ன அறையில் இருந்துகொண்டு சனத்துக்கு அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். கேஸ் எழுதுவது என்று அதற்குப் பெயர். அந்த நாளில் கேஸ் எழுதுகிறவர்கள் எல்லோரும் பயந்த கேள்வி ஒன்றுதான்: உன் ஊரில் இருக்க முடியாவிட்டால் கொழும்பில் போய் இருக்கலாமே? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் எத்தனையோ பேர் தோற்றார்கள். ஆகவே கஸ்பர் அண்ணை ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கொழும்பை அடியோடு எடுத்துவிடுவது. கொழும்பில் படித்தவன் ஊரில் படித்தவன் ஆனான். கொழும்பில் கடை வைத்திருந்தவன் ஊரில் தோட்டம் செய்தவன் ஆனான். விமானம் ஏறிய அந்த ஒரு நாள் மட்டும்தான் கொழும்பு.

"சட்டம் படிச்சவள் எண்டு போட்டா, எங்க படிச்சனீர் எண்டு கேப்பாங்கள், தங்கச்சி. கொழும்பு எண்டு சொல்லவேண்டி வரும். நாலஞ்சு வருசம் பிரச்சினை இல்லாமல் இருந்தனீர்தானே, திரும்பிப் போம் எண்டுவாங்கள். பதினொராம் வகுப்பு எண்டு போடுவம். தையல் எண்டு போடுவம். பிடிச்சதைத் திருகோணமலையில பிடிச்சதா எழுதுவம்."

அவள் அந்தப் படிவத்தை இரண்டு தடவை வாசித்தாள். கையொப்பத்துக்கு மேலே, இதில் உள்ளவை எல்லாம் உண்மை என்று ஒரு வரி இருந்தது. அப்படியான வரிகளை மற்றவர்களுக்கு வாசித்து விளங்கப்படுத்துவதற்கென்றே படித்தவள். இருபத்தாறு வயது, நடு மாசி மாதம், உடம்பில் காயம் ஆறவில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற நடுக்கம். கையொப்பமிட்டாள். அவளுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. கஸ்பர் அண்ணைக்கு நல்ல பெயர் கிடைத்தது.

தையல் மெஷினுக்கு முன்னால் இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. நடுவில் இரண்டு தடவை கனடாவிலேயே சட்டம் தொடரப் பார்த்தாள். திரும்பவும் இரண்டு மூன்று வருடம் படிக்க வேண்டும் என்றார்கள். சரி என்று இடம் கேட்டால், இடம் இல்லை என்று மெல்லிய உறையில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் பட்டியலைக் கண்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தில், பஸ்ஸில் ஐந்து மணி நேரத்தில் ஒரு கல்லூரி. வெளிநாட்டுச் சட்டத்தரணிகளுக்கு ஒரு வருட மேற்படிப்பு. அதை முடித்தால் அந்த மாநிலத்தின் சட்டத்தரணிப் பரீட்சை எழுதலாம். ஒரு வருடம்தான் என்று அவள் அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தாள்.

அதன் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கப் படிவங்களோடு போயிற்று. ஆங்கிலப் பரீட்சை எழுதினாள். கொழும்பில் படித்ததற்கான மதிப்பெண் பட்டியலை அங்கிருந்து நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், உறை ஒட்டிய இடத்தில் முத்திரை இருக்க வேண்டும், உடைத்தால் செல்லாது என்றார்கள். அதற்கு ஆள் பிடிப்பதற்கே நாலு மாதம். முன்பு வேலை செய்த மூத்த சட்டத்தரணி நடுங்குகிற கையெழுத்தில் சிபாரிசுக் கடிதம் எழுதி அனுப்பினார். கடைசியாக ஒரு கட்டுரை. ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.

அந்த இரண்டு பக்கத்தில்தான் அவள் முதல் முறையாக உண்மையை எழுதினாள். புதுக்கடை, தாய்மார், மனுக்கள், பொலிஸ் நிலையம், ஒன்பது நாள், சுவர் அதிர ஓடுகிற ரயில். எழுதி முடித்து அதை நூலகத்துத் தட்டச்சில் அடித்துக்கொண்டு வந்தபோது, ஐந்து வருடமாக யாரோ ஒரு தையற்காரியின் வீட்டில் குடியிருந்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்புவது போல இருந்தது. பஸ்ஸில் வந்தவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

1995 ஏப்ரல் கடைசியில் தடித்த உறை வந்தது. இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்தில் பாதியையும் தள்ளுபடி செய்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் பேர்ணடெற்றிடம் காட்டினாள். பேர்ணடெற் கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "அப்ப நீர் லோயரோ? இவ்வளவு நாளும் ஒரு லோயருக்கோ நான் நூல் கோர்க்கக் காட்டிக் குடுத்தனான்?" என்று கேட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த மீன் கட்லட் இரண்டையும் தூக்கி இவளுக்கு வைத்தாள். கோணேஸ்வரி சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

வெளிநாட்டு மாணவர் எல்லை தாண்டிப் படிக்கப் போவதற்குக் கல்லூரி ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதைக் கொண்டு போனால்தான் அமெரிக்கத் தூதரகத்தில் விசா. அந்தப் படிவத்துக்கு, கனடாவில் சட்டப்படி இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சியாக லாண்டட் பேப்பரின் பிரதியைக் கேட்டார்கள். கனடாவில் இடம் கேட்டபோது யாரும் அதைத் துருவிப் பார்க்கவில்லை. வெளிநாட்டு மாணவி என்றதும் ஒவ்வொரு தாளையும் இன்னொரு தாளோடு வைத்துப் பார்க்க ஒருவர் இருந்தார். கோணேஸ்வரி பிரதியை அனுப்பினாள். அந்த இரண்டு விவரங்களை அவள் மறந்துவிடவில்லை. யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் வாசிக்கிற ஒருத்தி அங்கே இருந்தாள்.

அவள் பெயர் டொரத்தி. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்தவள், குரலில் நல்ல மனம் தெரிந்தது. கோணேஸ்வரி பிளாசாவில் இருந்த காசுத் தொலைபேசியில் நின்று அவளோடு பேசினாள்.

உங்களுடைய கோப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஒரே ஒரு விஷயம்தான் என்றாள் டொரத்தி. கனடாத் தாளில் பதினொரு வருடப் படிப்பு, தையல் தொழில் என்று இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்ததில் சட்டத்தரணி என்று இருக்கிறது. எங்கோ தவறு நடந்திருக்கிறது போல. கனடாக் குடிவரவு அலுவலகத்தில் சொல்லி அந்தத் தாளைத் திருத்திக்கொண்டு, அவர்களிடமே ஒரு கடிதம் வாங்கி அனுப்பிவிடுங்கள். ஜூலை முதலாம் திகதிக்குள் வந்தால் போதும்.

"சின்ன விஷயம்தான், கவலைப்படாதீர்கள்" என்றும் சொன்னாள். கோணேஸ்வரி நன்றி சொல்லி வைத்தாள்.

அது சின்ன விஷயம் இல்லை என்பதற்குக் காரணம் அவளுடைய வீட்டில் சோபாவில் படுத்து நித்திரை கொண்டிருந்தது. தம்பி யசிந்தன், இருபத்திமூன்று வயது. ஊரில் பிடிபட்டு அடி வாங்கி, வலது காது கேளாமல், ஒன்றரை வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவன். பிட்சாக் கடையில் வேலை. அவனுடைய அகதி விசாரணை இரண்டு தடவை தள்ளிப் போய், இப்போது ஜூன் இருபத்தோராம் திகதி என்று வைத்திருந்தார்கள். அவனுடைய விண்ணப்பத்தைக் கஸ்பர் அண்ணை எழுதவில்லை. கோணேஸ்வரிதான் எழுதினாள். தன்னுடைய பழைய பிரதியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதோடு முட்டாமல் மோதாமல் ஒவ்வொரு வரியாக எழுதினாள். அக்கா வீட்டில் இருந்து தைத்துக்கொண்டிருந்தார். அக்காவை என் கண் முன்னால் கொண்டு போனார்கள். அக்காவைக் கேட்டுப் பிறகு என்னைத் தேடி வந்தார்கள். அவனுடைய பயம் முழுவதும் உண்மை, காதில் இருந்த காயம் உண்மை. ஆனால் அந்தக் கதை நின்ற தூண் அவளுடைய பொய். அவனுக்கு இருந்த ஒரே சாட்சியும் அவள்.

சனிக்கிழமை அவள் கஸ்பர் அண்ணையிடம் போனாள். அவருக்கு இப்போது கண்ணில் புரை விழுந்திருந்தது. டொரத்தி சொன்னதைச் சொன்னாள்.

"உம்மட பேப்பரில பிழை எண்டு நீரே போய்ச் சொன்னா, அவங்கள் முதல்ல எடுத்துப் பாக்கப்போறது ஆற்ற ஃபைலை எண்டு நினைக்கிறீர்?"

"தெரியும், அண்ணை."

"அப்ப ஏன் வந்தனீர்?"

"வேற வழி ஏதும் இருக்கோ எண்டு கேக்க."

அவர் மேசையில் விரலால் தட்டியபடி யோசித்தார். "கிளாக்கர் பிழையா டைப் அடிச்சுப்போட்டான் எண்டு ஒரு அஃபிடவிட் எழுதி நேர அமெரிக்காவுக்கு அனுப்பும். அவங்கள் இஞ்ச வந்து பாக்கப்போறாங்களே?"

"அதிலயும் சத்தியம் செய்யவேணும், அண்ணை. சட்டக் கல்லூரிக்குப் போறதுக்குப் பொய்ச் சத்தியமோ?"

கஸ்பர் அண்ணை தட்டுவதை நிறுத்தினார். அவள் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"என்னை அவங்கள் பிடிச்சதே கொழும்பிலதானே. அதை அப்பவே எழுதியிருந்தா, எனக்குக் கொழும்பிலயும் இடமில்லை எண்டு அதிலயே தெரிஞ்சிருக்கும். உள்ளதைச் சொல்லியே நான் வெண்டிருப்பன்."

"ஓம்" என்றார் அவர். மேசையில் கிடந்த தாளை ஒதுக்கிவிட்டு, "அப்ப எனக்கு அவ்வளவு தெரியாது, தங்கச்சி. ஒருத்தருக்குச் சரிவந்ததை எல்லாருக்கும் எழுதினன். உமக்குத் தெரிஞ்சிருக்கவேணும். நீர்தானே படிச்சனீர்" என்றார்.

அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஐந்து வருடமாக அவள் தன்னைத் தானே கேட்டுக்கொண்டதுதான் அது. படி இறங்கி வந்தபோது கீழே பலசரக்குக் கடையில் சனம் முருங்கைக்காய்க்கு நெரிபட்டது. அவளும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சமைத்து வைத்துவிட்டுத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விசாரணை முடியட்டும், பிறகு திருத்தலாம் என்றும் ஒரு வழி இருந்தது. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகும் பொய் என்று தெரிந்தால் அந்தஸ்தைப் பறிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அவன் இந்த நாட்டுக் குடிமகனாகும் வரைக்கும் அவள் வாய் திறக்க முடியாது. அதற்கு ஐந்து வருடமோ ஆறு வருடமோ.

யசிந்தன் சோற்றை அளைந்துகொண்டு கேட்டான்.

"எப்ப அங்க போகவேணும்?"

"ஓகஸ்ட் கடைசியில."

"ம்."

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் என்னத்தைச் சொல்ல, அக்கா. நீ சொல்லுறதுதான்."

போகாதே என்று அவன் கத்தியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். அவன் இரண்டும் செய்யவில்லை. எழுந்து போய்த் தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினான். பிறகு அவளுடைய கோப்பையையும் எடுத்துக் கழுவினான். வந்த நாள் தொடக்கம் ஒரு தேநீர்க் குவளை கழுவி அறியாதவன். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கோணேஸ்வரிக்கு அவன் மேல் அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. இவன் வராமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவனை இங்கே கூப்பிட்டதே அவள்தான்.

அடுத்த மூன்று கிழமையில் அவள் இரண்டு கடிதங்கள் எழுதினாள். ஒன்று குடிவரவு அலுவலகத்துக்கு. 1990இல் நான் கொடுத்த விவரங்கள் பிழையானவை, உண்மை இதுதான் என்று தொடங்கி, சட்டத்தரணி எழுதுவது போல எண் போட்டுப் பன்னிரண்டு பந்தி. மற்றது கல்லூரிக்கு, மூன்றே வரி. சொந்தக் காரணங்களால் இந்த இடத்தை ஏற்க முடியவில்லை. இரண்டையும் முத்திரை ஒட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், வந்தாள். பேர்ணடெற் அமெரிக்காவில் குளிர் கூடவா குறையவா என்று விசாரித்தாள். கூட என்றாள் கோணேஸ்வரி.

ஜூன் இருபத்தொன்று. நகரத்து நடுவில் ஒரு கட்டடத்தில் யன்னல் இல்லாத அறை. சாட்சியை முதலில் உள்ளே விடமாட்டார்கள். வெளியே நடைக்கூடத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அவள் காத்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது, இரண்டு கடிதமும் அதற்குள் இருந்தன. பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். விசாரிப்பவர்கள் இரண்டு பேர், அதில் நரைத்த தலைமயிர்ப் பெண்தான் பேசினார். பக்கத்தில் கேள்வி கேட்கும் அதிகாரி, தம்பியின் இளம் சட்டத்தரணி, தமிழ் மொழிபெயர்ப்பாளர். கீதையில் சத்தியம் செய்கிறீர்களா, உறுதிமொழி எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். உறுதிமொழி என்றாள். வலது கையை உயர்த்தினாள். புதுக்கடையிலும் இதே கைதான்.

அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது தெரியக்கூடாது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்டாள், ஆங்கிலத்தில் ஒருக்கா, தமிழில் ஒருக்கா. அதிகாரி சுற்றிவளைத்துக் கேட்ட ஒரு கேள்வியைத் தம்பியின் சட்டத்தரணி தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவள் என்றால் எழுந்திருப்பாள். மடியில் இருந்த கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரில் என்ன வேலை செய்தீர்கள்?"

மொழிபெயர்ப்பாளர் கேட்டு முடிக்கும் வரை அவளுக்கு நேரம் இருந்தது. தம்பி அவளைப் பார்க்கவில்லை. கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திமூன்று வயதில் அவனுடைய தோள் ஒரு கிழவனின் தோள் போலக் கூனி இருந்தது.

"தையல்" என்றாள்.

"எவ்வளவு படித்தீர்கள்?"

"பதினொராம் வகுப்பு."

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி எப்படிப் பொருத்துவீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். உள்துணியை எப்படி வெட்டுவது, முனையில் எவ்வளவு விட்டுத் தைப்பது, திருப்பும்போது மூலை ஏன் மொத்தமாகிறது, அதை எப்படிக் கத்தரிப்பது. கைகள் தாமாகவே காற்றில் தைத்தன. மொழிபெயர்ப்பாளர் திணறினார். நரைத்த பெண் தலையசைத்து எழுதிக்கொண்டார். அன்றைக்கு அந்த அறையில் அவள் சொன்னதில் கலப்பில்லாத உண்மை அது ஒன்றுதான்.

பிறகு பிடிபட்டதைச் சொல்லச் சொன்னார்கள். திருகோணமலை என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தானாக வந்தது. பச்சை வர்ணம் உரிந்த சுவர், தண்ணீர் வைத்த வாளி, பெயர் கேட்டவன், பெயர் கேட்காதவன். ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்நியர்களுக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளருக்காக ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் விடியக்காலமை அந்த..." என்றவள் நின்றாள்.

ரயில் என்பது நாக்கு நுனியில் இருந்தது. சுவர் அதிர முதல் ரயில் போகும். அந்தச் சத்தம் கேட்டால்தான் இன்னொரு நாள் உயிரோடு இருக்கிறேன் என்று தெரியும். கடலோரமாகப் பொலிஸ் நிலையத்தை ஒட்டி ஓடும் ரயில் கொழும்பில்தான்.

"அந்த?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"கடல் சத்தம்" என்றாள். "கடல் சத்தம் கேக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் ஓய்வு விட்டார்கள். பாவம், நினைவு வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த ஒன்பது நாளில் அவளுக்கென்று இருந்த ஒரே துணை அந்த ரயில். அதையும் விட்டுக்கொடுத்தாள்.

வெளியே வந்ததும் யசிந்தன் அவளுடைய கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். "அக்கா, நீ கதைச்சது திறம். லோயர் மாதிரிக் கதைச்சாய்" என்றான். அவன் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னான். நிலக்கீழ் ரயில் நிலையத்து வாசலில் தபால் பெட்டி இருந்தது. அவள் பையைத் திருப்பி வாங்கி, மூன்று வரிக் கடிதத்தை எடுத்துப் போட்டாள். பன்னிரண்டு பந்திக் கடிதத்தை வீட்டில் போய்க் கிழித்தாள். டொரத்தி இரண்டு தடவை தொலைபேசியில் செய்தி விட்டிருந்தாள், ஏதாவது உதவி வேண்டுமா என்று. கோணேஸ்வரி திருப்பி எடுக்கவில்லை. நல்ல மனிதர்களிடம் பொய் சொல்வது அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

தீர்ப்பு ஓகஸ்ட் கடைசிக் கிழமை வந்தது. அங்கே கல்லூரி தொடங்கியிருக்க வேண்டிய கிழமை. மண்ணிற உறை, ஆறு பக்கம். யசிந்தனுக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. முதல் பக்கத்தைப் பார்த்தே அவனை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சோபாவில் இருந்தான். சத்தம் இல்லாமல் அழுதான். அவனைப் பார்த்தபோது அவளுக்கும் நெஞ்சு லேசானது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு அவன் முகம் கழுவிக்கொண்டு வந்து, "எல்லாத்தையும் வாசி, அக்கா. என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு கேப்பம்" என்றான்.

அவள் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். நன்றாக எழுதப்பட்ட தீர்ப்பு. காரணங்களை ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். நாலாம் பக்கத்தில் சாட்சியைப் பற்றி ஒரு பந்தி வந்தது. அவள் அதை முதலில் மனதுக்குள் வாசித்தாள். விண்ணப்பதாரரின் சகோதரி குறைந்த கல்வியுடைய, கையால் வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண். சட்டம் எதை எதிர்பார்க்கிறது என்று அறிந்து, அதற்கேற்பக் கதை அமைக்கும் ஆற்றல் அவரிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அவர் சொன்னதை இந்தச் சபை முழுமையாக நம்புகிறது.

"என்ன நிண்டிட்டாய்? உதில என்ன கிடக்கு?" என்று கேட்டான் தம்பி.

"என்னைப் பற்றி."

"என்னவாம்?"

"நான் சொன்னதை நம்பினவையாம்" என்றாள்.

அவன் மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னான். அவள் பக்கத்தைப் புரட்டி, ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடர்ந்து வாசித்தாள்.